பக்கத்துக் காலி மனையில் அடுக்குமாடி வருகிறதா? பிளானிங் கமிஷன் ஹியரிங்குக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தெருமுனைக் காலி மனையில் திடீரென்று ஒருநாள் பெரிய வெள்ளைப் பலகை முளைத்திருக்கும். 60 வீடுகள், ஐந்து மாடி, ஒரு மங்கலான கட்டடப் படம், கீழே பொடி எழுத்தில் ஒரு விண்ணப்ப எண். நடைப்பயிற்சி போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்து "ஐயோ, டிராஃபிக் என்ன ஆகப்போகிறதோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். நீங்கள் அந்த எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நகரத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால்தான் வரைபடங்கள், கடிதங்கள், ஹியரிங் (திட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேசக்கூடிய கூட்டம்) தேதி எல்லாம் கிடைக்கும்.

நான் இங்கே சொல்வது அமெரிக்காவில், அதிலும் எனக்குப் பழக்கமான கலிஃபோர்னியாவில், ஒரு நகரத்தின் பிளானிங் கமிஷன் இப்படிப்பட்ட திட்டத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி. வேறு மாநிலத்தில் இருந்தால் அடிப்படை ஏறக்குறைய இதேதான், ஆனால் நாள் கணக்கும் சட்டப் பெயர்களும் மாறும்.

முதல் தடவை நான் ஹியரிங்குக்குப் போனபோது அதை ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நினைத்துக்கொண்டு போனேன். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நம் மனக்குறையைச் சொன்னால் இரு தரப்பையும் சீர்தூக்கி ஒரு தீர்ப்பு சொல்வார்கள் என்று எண்ணம். மைக்கைப் பிடித்து டிராஃபிக், பள்ளிக்கூடத்தில் இடமில்லை, நாங்கள் இந்தத் தெருவில் ஒன்பது வருஷமாக இருக்கிறோம் என்று கொட்டித் தீர்த்தேன், மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது, ஏழு பேரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள், அப்புறம் ஆறுக்கு ஒன்று என்று திட்டத்தை நிறைவேற்றினார்கள். எனக்கு முன்னால் பேசிய ஒரு வயதான அம்மா மட்டும் ஒரு வரைபடத் தாளின் எண்ணைச் சொல்லி, "இதில் குப்பை வண்டி நிற்கிற இடம் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது, இதை மேற்குப் பக்கம் தள்ளுங்கள்" என்று நாற்பது விநாடியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒப்புதலில் அது நிபந்தனையாகவே சேர்ந்தது. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது: அவர்கள் முன்னால் இருக்கிற கேள்வி 'இந்தக் கட்டடம் அக்கம்பக்கத்தாருக்குப் பிடித்திருக்கிறதா' என்பது இல்லை, 'எழுதி வைத்திருக்கிற விதிக்கு இது பொருந்துகிறதா' என்பதுதான். திட்டத்தை எதிர்க்கப் போகிறவருக்கும் சரி, வீடு வேண்டும் என்று ஆதரிக்கப் போகிறவருக்கும் சரி, இது ஒன்று தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

சரி, கமிஷன் என்றால் யார்? பெரும்பாலான நகரங்களில் ஐந்து அல்லது ஏழு பேர், அந்த ஊர்க்காரர்கள், நகர கவுன்சில் நியமித்தவர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறவர்கள். அவர்களில் ஒரு ஆர்க்கிடெக்ட் இருக்கலாம், ஒரு வக்கீல் இருக்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கலாம். உண்மையான உழைப்பெல்லாம் பிளானிங் துறை ஊழியர்களுடையது, அவர்கள் மாதக்கணக்கில் அலசி எழுதிய அறிக்கையின் மேல்தான் கமிஷன் முடிவெடுக்கிறது. எந்த மனையில் என்ன கட்டலாம் என்று நகரம் கட்டுப்படுத்தும் இந்த சோனிங் அதிகாரத்தை 1926-ல் கிளீவ்லாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் யூக்லிட் என்ற சிற்றூரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. அதிலிருந்து ஒரு நூற்றாண்டாக இந்த நாடகம் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் திட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். மனையின் சோனிங்கையே மாற்றக் கேட்கிறார்கள் என்றால் (கடைகள் மட்டும் வரலாம் என்றிருந்த இடத்தில் வீடுகள் வரட்டும் என்பது போல) அது சட்டம் இயற்றுகிற வேலை, கமிஷன் சிபாரிசு மட்டும் செய்யும், முடிவு கவுன்சிலுடையது, அங்கே கொள்கை பேசலாம், கனவு பேசலாம். ஆனால் இருக்கிற சோனிங்குக்குள்ளேயே ஒரு பெர்மிட் கேட்கிறார்கள் என்றால் கமிஷன் ஏறக்குறைய நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கிறது, பதிவில் இருக்கிற ஆதாரத்தை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். மூன்றாவது வகை ஒன்று உண்டு, விதிகளைச் சரிபார்த்து ஊழியர்களே ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள், ஹியரிங்கே கிடையாது. அதற்கு ஆள் திரட்டிக்கொண்டு போய் யாரிடம் பேசுவது?

பலகை முளைப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை

நமக்குப் பலகை தெரிகிற நாளில் கதை பாதி தாண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் 2019-ல் நிறைவேறிய எஸ்.பி. 330 என்ற சட்டத்தின்படி, கட்டுகிறவர் ஒரு முன்விண்ணப்பம் கொடுத்துவிட்டால் அன்றைய தேதியில் இருக்கிற விதிகள் அவருக்காக உறைந்துவிடும். அதற்குப் பிறகு நகரம் உயர வரம்பைக் குறைத்தாலும் பெரும்பாலும் இந்தத் திட்டத்தை அது தொடாது. அப்புறம் முழு விண்ணப்பம் வரும். அதில் எல்லாத் தாளும் இருக்கிறதா என்று சொல்ல நகரத்துக்கு 30 நாள். விடுபட்டதைக் கேட்டுக் கடிதம் போகும், பதில் வரும், மறுபடி கடிதம் போகும். தீயணைப்புத் துறை, பொதுப்பணித் துறை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் குறிப்பு எழுதும். விண்ணப்பம் முழுமை என்று ஆனபின், 150 வீடு வரையுள்ள திட்டமென்றால் 30 நாளுக்குள்ளும் அதற்கு மேல் என்றால் 60 நாளுக்குள்ளும், எந்த விதியாவது மீறப்பட்டிருந்தால் நகரம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் அந்தத் திட்டம் விதிகளுக்கு உட்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஹியரிங்கில் வந்து யாராவது "அந்தப் பக்கம் ஐந்து அடி குறைகிறதே" என்று கண்டுபிடித்தால் ஊழியர்கள் முகம் சுருங்குவதற்கு இதுதான் காரணம்.

அதனால் பலகையைப் பார்த்த வாரமே, திட்டத்துக்குப் பொறுப்பான பிளானர் யார் என்று கண்டுபிடித்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெயர் அறிவிப்பிலேயே இருக்கும். "விண்ணப்பம் முழுமையாகிவிட்டதா, சூழல் ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது, ஹியரிங் எப்போது வரலாம்" என்ற மூன்று கேள்வி போதும். நல்ல மனுஷர்கள்தான், பதில் சொல்வார்கள், திட்டாமல் கேட்டால்.

60 எப்படி வந்தது?

"சோனிங்கில் 40 வீடுதானே அனுமதி, இவன் எப்படி 60 போடுகிறான், யாருக்கோ காசு கொடுத்திருக்கிறான்" என்ற பேச்சு ஒவ்வொரு வாட்ஸாப் குழுவிலும் வரும். கணக்கைப் பாருங்கள். டென்சிட்டி போனஸ் என்ற மாநிலச் சட்டம் 1979-லிருந்து இருக்கிறது. அடிப்படை 40 வீட்டில் 15 சதவீதம், அதாவது 6 வீடுகளை, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்கினால், 50 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம். 40-ல் பாதி 20, ஆக 60. அந்த 60-ம் மனையில் அடங்கவிடாமல் நான்கு மாடி வரம்பு தடுக்கிறது என்றால் அந்த வரம்பிலிருந்து விலக்கும் கேட்கலாம், நகரம் மறுப்பது கடினம். சட்டம் இப்படி இருக்கும்போது "நான்கு மாடிக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறதே" என்று மூன்று நிமிடம் முழங்கினால் கமிஷனர்கள் பாவமாகப் பார்ப்பார்களே தவிர ஒன்றும் நடக்காது.

இன்னொன்று ஹவுசிங் அக்கவுண்டபிலிட்டி ஆக்ட், 1982-ல் வந்து பின்னால் பல தடவை பல் கூர்மையாக்கப்பட்டது. எழுதி வைத்த, அளந்து பார்க்கக்கூடிய விதிகளுக்குத் திட்டம் பொருந்துகிறது என்றால், அதை மறுக்கவோ வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கவோ நகரத்துக்கு ஒரே வழிதான்: பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பான, அளவிடக்கூடிய, நேரடியான கேடு வரும், அதைத் தணிக்க வேறு வழியும் இல்லை என்று ஆதாரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். 'தெருவின் தன்மைக்கு ஒத்துவராது' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் நகரம் முரண்டு பிடித்தால் வீட்டுக்குக் குறைந்தது 10,000 டாலர் அபராதம். கூட்டத்தில் நகர வக்கீல் ஏன் அடிக்கடி தொண்டையைச் செருமுகிறார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பார்க்கிங்கும் அப்படித்தான். ரயில் நிலையம் போன்ற முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் மனை இருந்தால், 2023 ஜனவரி முதல், இத்தனை கார் நிறுத்தும் இடம் வேண்டும் என்று நகரம் பெரும்பாலும் கட்டாயப்படுத்த முடியாது. எனக்கு இதில் முழு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சட்டத்தைத் திட்ட வேண்டுமென்றால் மாநில சட்டசபை உறுப்பினருக்கு எழுத வேண்டும், கமிஷனைத் திட்டிப் பயனில்லை.

டிராஃபிக், சூழல் ஆய்வு

1970-ல் வந்த மாநிலச் சூழல் சட்டத்தை எல்லோரும் சீக்வா என்பார்கள். திட்டத்துக்கு விலக்கு உண்டா, சுருக்கமான ஆய்வு போதுமா, அல்லது இ.ஐ.ஆர். எனப்படும், தலையணை கனத்து முழுச் சூழல் தாக்க அறிக்கை வேண்டுமா என்று முதலில் தீர்மானிப்பார்கள். இ.ஐ.ஆர். என்றால் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுவாக 45 நாள் கிடைக்கும். ஊருக்கு நடுவே வரும் வீட்டுத் திட்டங்களுக்கு இப்போது நிலைமை மாறிவிட்டது: 2025 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஏ.பி. 130 என்ற சட்டம், நிபந்தனைகளுக்கு உட்பட்ட 20 ஏக்கர் வரையிலான அப்படிப்பட்ட திட்டங்களை சீக்வாவிலிருந்தே விலக்கியது. பழைய அனுபவசாலி யாராவது "சீக்வாவை வைத்து இரண்டு வருஷம் இழுத்துவிடலாம்" என்று ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள்.

டிராஃபிக் விஷயத்திலும் அளவுகோல் வேறு. சிக்னலில் எத்தனை விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பது 2020 ஜூலையிலிருந்து சீக்வாவில் பாதிப்பாகக் கணக்கில் வராது. மொத்தமாக எத்தனை மைல் கார் ஓடப்போகிறது என்பதுதான் கணக்கு. ரயிலடிக்குப் பக்கத்தில் வரும் அடுக்குமாடி அந்தக் கணக்கில் நல்ல பிள்ளை. ஆனால் பாதுகாப்பு வேறு. திட்டத்தின் கார் வாசல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற நடைபாதையைக் குறுக்கே வெட்டுகிறது, அங்கே மதில் பார்வையை மறைக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள், படம் எடுத்துக் கொடுங்கள். அதைக் காதில் வாங்குவார்கள்.

அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், 300 அடிக்குள் சொத்து வைத்திருக்கிறவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை, சில நகரங்கள் அனுப்புகின்றன. வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியே வந்தாக வேண்டும், 1953-ல் வந்த, பொதுக் கூட்டங்களை வெளிப்படையாக நடத்தச் சொல்லும் பிரௌன் ஆக்ட் என்ற மாநிலச் சட்டத்தின் விதி அது. அத்தோடு பிளானிங் துறை ஊழியர்களின் அறிக்கையான ஸ்டாஃப் ரிப்போர்ட்டும் பெரும்பாலும் வந்துவிடும். இருநூறு பக்கம் இருக்கும், மலைக்காதீர்கள். முன்பக்க வர்ணனையை அப்புறம் பார்க்கலாம். நேராகப் பின்னிணைப்பில் இருக்கும் தீர்மான வரைவுக்குப் போங்கள்.

அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒன்று ஃபைண்டிங்ஸ், அதாவது 'இன்ன ஆதாரத்தின்படி இந்தத் திட்டம் நகரத்தின் பொதுத் திட்டத்துக்கு (ஜெனரல் பிளான்) இசைகிறது, இன்ன விதியை நிறைவேற்றுகிறது' என்று கமிஷன் எழுத்தில் சொல்ல வேண்டிய வாசகங்கள். ஒப்புதல் நிற்பது இந்தக் கால்களில்தான். திட்டத்தை எதிர்க்கிறீர்கள் என்றால் இவற்றில் எந்த வாசகத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டுங்கள், ஆதரிக்கிறீர்கள் என்றால் எந்த ஆதாரம் பலமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். இன்னொன்று நிபந்தனைகள். எண் போட்டு எழுபது எண்பது இருக்கும்: எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிக்கலாம், எந்த மரத்தை வெட்டலாம், மொட்டை மாடியில் இருக்கும் எந்திரங்களை எப்படி மறைப்பது, நடைபாதை எத்தனை அடி அகலம். நம்மைப் போன்றவர்கள் பேசிப் பலன் பெறுகிற இடம் இதுதான். வீட்டு எண்ணிக்கையில் கை வைக்க முடியாத கமிஷனர்கள் இங்கே ஏதாவது செய்து கொடுக்க மனசார விரும்புவார்கள். ஒரு நிபந்தனையை எப்படி மாற்ற வேண்டும் என்று வாசகமாகவே எழுதிக் கொண்டு போனால் அப்படியே எடுத்துக்கொள்வதும் உண்டு.

மனையில் ஏற்கெனவே வாடகைக்காரர்கள் குடியிருந்தால் அவர்களுக்கு இடம்பெயர்வு உதவி, இடிக்கிற வீட்டுக்குப் பதில் வீடு, குறைந்த வருமானக் குடும்பமென்றால் திரும்பி வரும் முதல் உரிமை என்று பாதுகாப்புகள் இருக்கின்றன. அவை நிபந்தனைகளில் வந்திருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹியரிங்குக்கு வந்து பேசுவதில்லை.

கூட்டத்தன்று

எழுத்தில் ஒன்று அனுப்பிவிடுங்கள், அதுவும் ஸ்டாஃப் ரிப்போர்ட் வெளிவருவதற்கு முன்னால். அப்போதுதான் அறிக்கையோடு சேர்ந்து கமிஷனர்கள் கைக்கு நிதானமாகப் படிக்கிற நேரத்தில் போய்ச் சேரும், கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் அனுப்பினால் ஐம்பது கடிதத்தில் ஒன்றாகிவிடும். பின்னால் வழக்குப் போடுகிற எண்ணம் துளியாவது இருந்தால் இது இன்னும் முக்கியம், ஹியரிங்கில் அல்லது அதற்கு முன் எழுத்தில் எழுப்பாத விஷயத்தை நீதிமன்றத்தில் எழுப்ப முடியாமல் போகலாம், அறிவிப்பின் அடியிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. கமிஷனரைக் காபிக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாமா என்றால், பேசினால் அவர் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும், பலர் தவிர்ப்பார்கள். மின்னஞ்சல்தான் நல்லது.

கூட்டத்தில் முறை இப்படி: யாருக்காவது சொந்த ஆதாயம் இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். ஒரு கமிஷனர் எழுந்து வெளியே போனால் பதறாதீர்கள், அவருக்கு 500 அடிக்குள் வீடு இருக்கலாம், விலகுவதுதான் விதி. அப்புறம் ஊழியர் விளக்கம், கமிஷனின் கேள்விகள், கட்டுகிறவர் பேச்சு, பிறகு நாம். பொதுவாக மூன்று நிமிடம், கூட்டம் அதிகமென்றால் தலைவர் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைப்பார். அதனால் ஒரு நிமிடப் பேச்சையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயர், எங்கே இருக்கிறீர்கள், எந்தத் தாள் அல்லது எந்த நிபந்தனை, என்ன மாற்றம் வேண்டும். முடிந்தது. முந்தைய ஆள் சொன்னதையே சொல்லப் போகிறீர்கள் என்றால் "அவர் சொன்னதை ஆமோதிக்கிறேன்" என்று உட்கார்ந்தால் உங்கள் மேல் மரியாதை கூடும். ஆங்கிலம் தடுமாறும் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவர்களுக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்பது விதி, முன்கூட்டியே கமிஷன் செயலரிடம் சொல்லிவிடுங்கள்.

நாம் பேசி முடித்ததும் கட்டுகிறவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு, பிறகு பொது ஹியரிங் மூடப்படும். அதற்கு மேல் இருக்கையிலிருந்து கத்தக் கூடாது, ஆசை வரும், அடக்குங்கள். இப்போதுதான் கமிஷனர்கள் தங்களுக்குள் பேசுவார்கள். காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய நேரம் இது, ஏனென்றால் யாருக்கு எது உறுத்துகிறது என்று தெரிந்தால் அப்பீலுக்கு உதவும். ஒருவர் தீர்மானம் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், நடுவில் நிபந்தனைத் திருத்தங்கள் சேரும், அப்புறம் ஓட்டு.

சில சமயம் 'இன்ன தேதிக்கு ஒத்திவைக்கிறோம்' என்பார்கள். தேதி குறித்து ஒத்திவைத்தால் பெரும்பாலும் புதிய அறிவிப்பு உங்கள் வீட்டுக்கு வராது. அந்த இடத்திலேயே காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். நகரத்துக்கும் ஒத்திவைப்பு இனாம் இல்லை, விதிக்குப் பொருந்தும் வீட்டுத் திட்டத்துக்கு எஸ்.பி. 330-ன்படி மொத்தம் ஐந்து ஹியரிங்தான், ஒத்திவைத்ததும் அப்பீலும் அந்தக் கணக்கில் சேரும்.

முடிவு பிடிக்கவில்லை என்றால் கவுன்சிலுக்கு அப்பீல் உண்டு. நாள் கெடு நகரத்துக்கு நகரம் மாறும், பத்து நாள்கூட இருக்கலாம், கட்டணமும் உண்டு, ஆகவே ஓட்டு முடிந்த மறுநாளே செயலரிடம் கேட்டுவிடுங்கள். சீக்வா வழக்குகளுக்கு நகரம் முறைப்படி முடிவைப் பதிவு செய்தபின் 30 நாள், விலக்கு என்று பதிவு செய்திருந்தால் 35 நாள். அந்த எல்லைக்குப் போகிறவர்கள் வக்கீலை வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒப்புதலான தீர்மானத்தின் கடைசி வாசகத்தை, கையெழுத்தானதை, இறக்கிச் சேமித்து வையுங்கள். இதற்குப் பிறகு கட்டட பெர்மிட் கட்டத்தில் ஹியரிங் எதுவும் கிடையாது, ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று ஒரு காலை ஆறரை மணிக்கு கான்கிரீட் லாரி உங்கள் ஜன்னலுக்கு வெளியே உறுமும். அப்போது நகர அலுவலகத்துக்குப் போன் போட்டு "சத்தம் தாங்கவில்லை" என்று சொல்லாதீர்கள். தீர்மான எண், நிபந்தனை எண், அதில் எழுதியிருக்கும் ஆரம்ப நேரம், லாரி வந்த நேரம், போனில் எடுத்த வீடியோ. அந்தக் குப்பை வண்டி அம்மா இப்படித்தான் செய்தார். மறுநாளிலிருந்து லாரி எட்டு மணிக்குத்தான் வந்தது.